மல்லாட்டை விரல்

எங்க ஊர்ல கால்வலிக்கு மரியாதை கெடையாது. சும்மா சொல்லல. அடி அண்ணாமலையில கிரிவலப் பாதை ஓரமா நான் போண்டா கடை போட்டிருக்கேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுத்த வர்ற ஜனம் எங்க கடை பெஞ்சுல வந்து குந்தினா ஒரே பேச்சுதான் பேசும், கால் வலிக்குதுன்னு. வெறுங்கால்ல தார் ரோட்டுல நடந்தா வலிக்காம என்னா செய்யும்? ரெண்டு போண்டா தின்னுட்டு, டீ குடிச்சிட்டு, எழுந்து போயிடும். அதனால எங்க நாத்தனார் உண்ணாமலை அக்கா கணுக்கால் வலிக்குதுன்னு மொத மொத சொன்னப்போ வூட்ல ஒருத்தரும் காதுல போட்டுக்கல.

அந்த அக்காவப் பத்தித்தான் சொல்லப் போறேன். எங்க வூட்டுக்காரர் தருமனுக்குக் கூடப் பொறந்த அக்கா. போளூர் பக்கம் கட்டிக்குடுத்தாங்க. ரெண்டு வருஷத்துல அந்த ஆளு வேற ஒருத்தியக் கூட்டியாந்து வூட்ல வச்சிட்டான். அக்கா சண்டை கிண்டை ஒண்ணும் போடல. ஒரு பையில துணிய எடுத்துக்கினு தம்பி வூட்டுக்கு வந்துடுச்சு. திருவண்ணாமலை தனி ஜில்லா ஆன வருஷம் அது, எண்பத்தொம்போது. டவுன்ல எல்லாம் கொடி கட்டிக் கொண்டாடிக்கினு இருந்தாங்க. எங்க வூட்ல அன்னிக்கு யாரும் யாரு மூஞ்சியும் பாக்காம சோறு தின்னோம்.

அக்கா பேசறது கம்மி. நான் ஜாஸ்தி. அதனால வூடு நல்லாவே ஓடிச்சு. காலையில நான் உளுந்து ஆட்டறதுக்குள்ள அது மாட்டுக்குத் தண்ணி காட்டி, வாசல் பெருக்கி, வெறகு ஒடைச்சு வச்சிருக்கும். உள்ளூர்ல கூலி வேலை இல்லாதப்போ கீழ்பென்னாத்தூர் பக்கம் பஸ் ஏறிப் போயி வெத போடும், களை எடுக்கும். நாத்தனாரும் தம்பி பொண்டாட்டியும் அடிச்சிக்கறத வேடிக்கை பாக்கலாம்னு காத்திருந்த அக்கம்பக்கத்துக்கு நாங்க பெரிய ஏமாத்தம்தான்.

ஆனா ஒண்ணு. புருஷன் வூட்ல வாழாம வந்த பொம்பளைன்னா நம்ம ஜனம் எங்க நிறுத்தும்னு சொல்லத் தேவையில்ல. கல்யாணத்துல சமையக்கட்டுல நிறுத்தும். ஆரத்தி எடுக்கறப்போ பின்னாடி நிறுத்தும். மல்லாட்டை வெதைக்கறப்பவும் அதே கதைதான். மத்த ஊர்ல வேர்க்கடலைன்னு சொல்றாங்களே, அதுதான் எங்களுக்கு மல்லாட்டை. ஆடியில மழ பேஞ்சு நெலம் பதமானதும் ஈசானி மூலையில மஞ்சள்ல புள்ளையார் புடிச்சு வச்சு, கற்பூரம் காட்டி, ஏர் ஓட்ட ஆரம்பிப்பாங்க. ஏர் கீறிக்கினு போற சால்ல மொத வெதையப் போடறது புருஷனோட வாழற பொம்பளையா இருக்கணும். கைராசி உள்ளவளா இருந்தா இன்னும் விசேஷம். எங்க நெலத்துல அது நான்தான். என் கைராசி என்னான்னு எங்க வெளைச்சலப் பாத்தாலே தெரியும், அது வேற விஷயம்.

தொண்ணூத்தி ரெண்டுன்னு நெனைக்கிறேன். வெதைக்கு மல்லாட்டை ஒடைச்சிக்கினு ரெண்டு பேரும் குந்தியிருந்தோம். அக்கா கை எனக்கு எதிர்ல. அப்பத்தான் பாத்தேன். பத்து விரல் நுனியும் உருண்டு திரண்டு போயிருந்துச்சு. நகம் பளபளன்னு எண்ணெய் தடவின மாதிரி, முன்பக்கமா வளைஞ்சு கவிழ்ந்திருந்துச்சு. என்னாக்கா, விரல்லயே மல்லாட்டை வெளைய வச்சிருக்கேன்னு கிண்டல் பண்ணேன். அதுவும் கையத் திருப்பித் திருப்பிப் பாத்து சிரிச்சுது. வலி இல்ல, ஒண்ணும் இல்ல. அத்தோட விட்டுட்டோம்.

விடாத ஆளு ஒருத்தர் இருந்தாரு. கீழ்பென்னாத்தூர் ராஜமாணிக்கம். ஏக்கரா கணக்குல மல்லாட்டை போடறவரு, சகுனம் பாக்காம செருப்புல கால் நுழைக்க மாட்டாரு. அந்த ஆடியில அவரு நெலத்துல மொத வெத போட வேண்டிய மருமவ அன்னிக்குப் பாத்து தூரமாயிட்டா. ராகு காலம் நெருங்குது, ஏர் நிக்குது, மனுஷன் தவிக்கிறாரு. அப்போ கூலிக்கு வந்த கூட்டத்துல கூடையப் புடிச்சிக்கினு நின்ன அக்கா கையப் பாத்திருக்காரு. நெறஞ்ச மல்லாட்டை கணக்கா விரல் இருக்குது, இதுக்கு மேல என்னா சகுனம் வேணும்னு எல்லார் எதிர்லயும் சொல்லி, அது கையிலயே முறத்தைக் குடுத்துட்டாரு. வாழாம வந்தவன்னு யாரோ முணுமுணுத்தாங்களாம். விரல் வந்திருக்குதே, அது போதும்னுட்டாரு.

அந்த வருஷம் ஒரு செடியப் புடுங்கினா கொத்து கொத்தா காய். மழ சரியான நேரத்துக்குப் பேஞ்சுது. அவரும் விவசாய ஆபீசர் பேச்சக் கேட்டு மொத தடவையா ஜிப்சம் போட்டிருந்தாரு. ஜிப்சத்துக்கு யாரு தாம்பூலம் வைப்பாங்க? எல்லாப் பேரும் அக்கா விரலுக்குத்தான் போச்சு. மார்க்கெட் கமிட்டியில மூட்டை எடை போட வந்தவங்க கிட்டல்லாம் அவரு சொல்லிட்டாரு.

அதுலருந்து ஆடி பொறந்தா எங்க வூட்டு வாசல்ல ஆளு வந்து நிக்கும். எங்க நெலத்துக்கு வாம்மா, எங்களுக்கு நாளைக்குன்னு நாள் குறிப்பாங்க. மொதல் சால் போட்டா தாம்பூலம், ரவிக்கைத் துணி, ஒரு மரக்கா மல்லாட்டை. டவுன்ல கூட ஒருத்தர் பாத்திரக் கடை தொறந்தப்போ மொத போணிக்கு அக்காவக் கூட்டிக்கினு போனாரு. விடியறதுக்கு முன்ன தலைக்குத் தண்ணி ஊத்திக்கினு, மஞ்சக் கரை போட்ட சேலை கட்டி, அது பஸ்சுக்குக் கெளம்பற அழகப் பாக்கணுமே. ஒரு நாள் போயிட்டு வந்து, கடையில என் பக்கத்துல குந்தி, என்னவோ ரகசியம் சொல்ற மாதிரி மெதுவா சொல்லுச்சு.

"இன்னிக்கு பஸ் லேட்டு பச்சி. நான் வர்ற வரைக்கும் ஏரை நிறுத்தி வச்சிக்கினு எல்லாரும் காத்திருந்தாங்க."

என் பேரு பச்சையம்மாள். அது என்னை பச்சின்னுதான் கூப்பிடும். அன்னிக்கு அது மூஞ்சியில இருந்த சந்தோஷத்தப் பாத்து எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. காத்திருந்தாங்கன்ற ஒரு வார்த்தைக்காக அந்த அக்கா எத்தன வருஷம் ஏங்கிக் கெடந்துச்சோ.

வலி அப்புறம்தான் வந்துச்சு. மொதல்ல கணுக்கால், அடுத்து மணிக்கட்டு, அப்புறம் மொழங்காலுக்குக் கீழ எலும்பு முழுக்க. காலைத் தொங்கப் போட்டுக் குந்தினா துடிச்சுப் போயிடும். அரிசி மூட்டை மேல காலத் தூக்கி வச்சிக்கினு படுத்தாத்தான் கொஞ்சம் கேக்கும். ஊசி போடறவரு ஊசி போட்டாரு. டவுன்ல எலும்பு டாக்டர் காலைப் படம் புடிச்சுப் பாத்து வாதம்னு மாத்திரை குடுத்தாரு. மாத்திரை போட்டா வலி கம்மியாவும், வயிறு எரியும். யாரோ சொன்னாங்கன்னு, கால் சரியாவணும்னு வேண்டிக்கினு பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுத்தவும் ஆரம்பிச்சுது. சுத்திட்டு வரும்போது கணுக்கால் பூசணிக்கா மாதிரி வீங்கியிருக்கும். கூடவே ஒரு வறட்டு இருமல். அடுப்புப் புகைன்னு நெனைச்சோம். போண்டா கடைக்காரி வூட்ல இருமலுக்குக் காரணம் தேட வேண்டியதா என்னா?

தொண்ணூத்தஞ்சு ஐப்பசி பௌர்ணமிக்கு எங்க கடைக்குப் பக்கத்துல ஒரு கேம்ப் போட்டாங்க. நடக்கறவங்களுக்குக் காலுக்கு மருந்து தடவி, கொப்புளத்துக்குக் கட்டுப் போட்டு அனுப்பற கேம்ப். எழில்னு ஒரு சின்ன வயசு டாக்டரம்மா குந்தியிருந்தாங்க. பொழுது சாயறதுக்குள்ளயே வரிசை எங்க அடுப்பு வரைக்கும் வந்துடுச்சு. அக்காவும் போய் நின்னுச்சு, தைலம் குடுப்பாங்கன்னு. டாக்டரம்மா கணுக்காலை அழுத்திப் பாத்தாங்க. தைலத்தை எடுக்கப் போனவங்க அக்கா கையப் பாத்துட்டு அப்படியே நிறுத்திட்டாங்க. கையக் காட்டுங்கம்மான்னாங்க.

வரிசையில இருந்த எங்க ஊர் ஆளு ஒருத்தரு, அது கைராசி விரலுங்க டாக்டர், கீழ்பென்னாத்தூரே அந்த விரலுக்காகக் காத்துக் கெடக்குதுன்னு பெருமையா எடுத்து வுட்டாரு. டாக்டரம்மா சிரிக்கல. அப்படீங்களான்னு கேட்டுட்டு, அக்காவோட ரெண்டு மோதிர விரலையும் மடக்கி, நகத்தோட நகம் ஒட்டற மாதிரி சேத்து வச்சு, விளக்குக்கு நேரா தூக்கிப் புடிச்சாங்க. அப்புறம் அதே மாதிரி அவங்க விரலையும் சேத்துக் காட்டினாங்க. அவங்க நகத்துக்கு நடுவுல எள்ளு அளவுக்கு ஒரு சந்து, வெளிச்சம் தெரிஞ்சுது. அக்காவுக்கு அந்தச் சந்து இல்ல. அவ்வளவுதான், வரிசையில நின்ன மொத்த ஜனமும் நகத்தோட நகம் சேத்து வெளிச்சத்துல பாத்துக்கினு நின்னுச்சு. நானும் போண்டா மாவுக் கையோட பாத்தேன். எனக்குச் சந்து இருந்துச்சு. அக்கா மட்டும் கைய முந்தானைக்குள்ள இழுத்துக்கிச்சு.

டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டு, இது காலுக்கு வந்த நோவு மாதிரி தெரியல, நெஞ்சைப் படம் புடிக்கணும், நாளைக்கே டவுனுக்கு வாங்கன்னாங்க. கால்வலிக்கு எதுக்குங்க நெஞ்சுல படம்னு கேட்டேன். வந்து பாருங்கன்னாங்க.

போனோம். படத்தை விளக்குப் பெட்டியில மாட்டிக் காட்டினாங்க. வலது பக்கம் அடியில தேங்கா அளவுக்கு ஒரு வெள்ளை உருண்டை. காலைப் படம் புடிச்சதுல, எலும்பு ஓரமா இன்னொரு கோடு ஓடிச்சு, பழைய எலும்பு மேல புதுசா ஒரு தோல் போத்தின மாதிரி. டாக்டரம்மா பொறுமையா சொன்னாங்க. நுரையீரல்லயோ அதச் சுத்தியோ ஏதாவது வளந்தா சில பேருக்கு அது நெஞ்சுல தெரியாம விரல்லயும் காலுலயும் தெரியும். விரல் நுனி உருளும், எலும்பு மேல புது எலும்பு படியும், மூட்டு வீங்கி வலிக்கும். வாதம்னு நெனைச்சுக் காலையே பாத்துக்கினு இருப்பாங்க, உள்ள இருக்கறது வளந்துக்கினே இருக்கும். புத்துநோயா கூட இருக்கலாம், வேற மாதிரியும் இருக்கலாம், மெட்ராஸ்ல ஊசி விட்டு டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும். அக்கா படத்தைப் பாக்கவே இல்ல, மடியில இருந்த கையத்தான் பாத்துக்கினு இருந்துச்சு.

மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில நல்ல சேதி சொன்னாங்க. நுரையீரலைப் போத்தியிருக்கற சவ்வுலருந்து வளந்த கட்டி. மெதுவா வளர்ற கட்டி, டெஸ்ட்ல மோசமான ஜாதியாத் தெரியல. ஆனா வளந்துக்கினே போனா நுரையீரலை அமுக்கி மூச்சை நிறுத்திடும், அறுத்து எடுத்துடணும்னாங்க. எடுத்துட்டா வலி கொஞ்ச நாள்லயே போயிடும்னாங்க. தருமன் பெரிய டாக்டரைப் பாத்துக் கும்புட்டாரு. அப்பத்தான் அக்கா வாயத் தொறந்து கேட்டுச்சு.

"விரலு?"

விரலும் மெதுவா பழையபடி ஆயிடும்மா, கவலைப்படாதீங்கன்னு டாக்டர் சந்தோஷமா சொன்னாரு. அக்கா தலைய ஆட்டிச்சு. சேலைத் தலைப்பால கைய மூடிக்கிச்சு. எனக்கு அந்த நிமிஷமே தெரிஞ்சு போச்சு, இது ஆபரேஷனுக்கு வராது.

வரல. மார்கழி ஆகாதுன்னுச்சு. தை பொறக்கட்டும்னுச்சு. தையில அறுவடைன்னுச்சு. ஆடி வெதைப்பு முடியட்டும், தீபம் முடியட்டும்னுச்சு. நாங்க கெஞ்சினோம். தருமன் சோறு தின்னாம கூடக் கெடந்து பாத்தாரு. எழில் டாக்டரம்மா ரெண்டு தடவை கடைக்கே வந்து, மூச்சு வாங்க ஆரம்பிச்சா கஷ்டம்மான்னு சொல்லிட்டுப் போனாங்க. இது எதையும் கீழ்பென்னாத்தூர்ல மூச்சு விடக்கூடாதுன்னு என் தலையில சத்தியம் வேற வாங்கிக்கிச்சு. ஒரு நாள் எனக்குப் பொறுக்கல. நீ செத்துப் போயிட்டா எவன் வந்து உன்ன வெத போடக் கூப்பிடுவான், சுடுகாட்டுக்கா ஏர் ஓட்டிக்கினு வருவான்னு கேட்டுட்டேன். அதுக்கு அது கோவப்படல. இது போச்சுன்னா மட்டும் எவன் கூப்பிடுவான் பச்சின்னு திருப்பிக் கேட்டுச்சு. உசுரா, அந்த எடமான்னு வந்தப்போ அது எடத்தைப் புடிச்சிக்கிச்சு. என்னா பொம்பளை இதுன்னு எனக்கு அவ்வளவு எரிச்சல், அவ்வளவு அழுகை.

தொண்ணூத்தேழு ஆடி வந்துச்சு. அதுக்குள்ள அக்கா பாதியா இளைச்சுப் போயிருந்துச்சு. கடையிலருந்து வூட்டுக்கு நடக்கறதுக்குள்ள நின்னு நின்னு மூச்சு வாங்கும். ராஜமாணிக்கம் வழக்கம் போல ஆளு அனுப்பிட்டாரு. தனியாப் போவ முடியாதுன்னு என்னைக் கூப்பிட்டுச்சு, அங்க வந்து எதுவும் பேசாதேன்னு சொல்லித்தான் கூப்பிட்டுச்சு. நானும் வாயக் கட்டிக்கினு போனேன்.

பூஜை ஆச்சு. ஏர் நகந்துச்சு. அக்கா சால்ல எறங்கி வெதைய அள்ளிச்சு. மணிக்கட்டு வீங்கி கை மூடவே இல்ல, வெத பாதி வழியில சிந்துது. கொஞ்சம் தூரம் குனிஞ்சபடியே போச்சு. இருமல் வந்துச்சு. அப்படியே சால்லயே குந்திடுச்சு. கண்ணு மேல சொருவி, தோள் ரெண்டும் ஏறி ஏறி எறங்குது, மூஞ்சியெல்லாம் வேர்வை. ஓடிப் போய்த் தூக்கலாம்னு பாத்தா, கூட்டத்துல ஒருத்தி கன்னத்துல போட்டுக்கினு அம்மா வந்துட்டான்னா. அவ்வளவுதான். ஒருத்தர் வேப்பிலை ஒடிச்சாந்தாரு. ஒருத்தர் தட்டுல கற்பூரத்தைக் கொளுத்தி அது மூஞ்சிக்கு நேரா காட்டறாரு. ராஜமாணிக்கம் தோள் துண்டை எடுத்து இடுப்புல கட்டிக்கினு, தாயே இந்த வருஷம் மழ உண்டான்னு கையக் கூப்பிக் கேக்கறாரு. கற்பூரப் புகை பட்டு அக்காவுக்கு இன்னும் இருமல். அது மூச்சுக்குத் தவிக்குது, ஜனம் குறி கேக்குது.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோவம் வந்துச்சோ. தட்டைப் புடுங்கி வரப்புல வச்சேன்.

"சாமி இல்லீங்க, மூச்சு முட்டுது. நெஞ்சுல கட்டி இருக்குது. அந்தக் கட்டிதான் இந்த விரலை இப்படி ஊத வச்சிருக்குது. ஆபரேஷன் பண்ணா பொழைச்சுக்கும். விரலு போயிடும், அப்புறம் நீங்க கூப்பிட மாட்டீங்கன்னு வரமாட்டேங்குது."

ராஜமாணிக்கம் அக்கா விரலையே ரொம்ப நேரம் பாத்தாரு. துண்டை அவுத்துத் தோள்ல போட்டுக்கினாரு. அவரு மருமவ வந்து, நீங்க ஓரமாக் குந்துங்கன்னு பதமாத்தான் சொன்னா, சொல்லி அக்கா மடியில இருந்த முறத்தை எடுத்துக்கினு சால்ல எறங்கிட்டா. ஒருத்தரும் திட்டல. அவரு கெட்ட மனுஷன் இல்ல. தாம்பூலத்தை வழக்கம் போல வச்சுக் குடுத்தாரு, அவரு வேன்லயே எங்கள அனுப்பியும் வச்சாரு. அக்கா எதையும் பாக்கல, முறம் போற தெசையத்தான் பாத்துக்கினு இருந்துச்சு.

ஆமா, நாந்தான் சொன்னேன். சத்தியத்த மீறித்தான் சொன்னேன். இன்னொரு தடவை அப்படி ஒரு நாள் வந்தாலும் சொல்லுவேன். வேன்ல வரும்போது அக்கா, பேசாதேன்னுதானே சொன்னேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுச்சு. அதோட என்கிட்ட பேச்ச நிறுத்திடுச்சு. மறுநாள் காலையில தம்பியக் கூப்பிட்டு, இனிமே இந்த விரலு எதுக்கு, மெட்ராஸுக்கு எப்பப் போலாம்னு கேளுன்னுச்சு.

ஆவணியில ஆபரேஷன் நடந்துச்சு. காலையில உள்ள கூட்டிக்கினு போயி, பொழுது சாயத்தான் வெளிய கொண்டாந்தாங்க. எடுத்த கட்டியத் தருமன் பாத்தாரு, நான் பாக்கல. நெஞ்சுல தையல் கூட ஆறல, அதுக்குள்ள கால்வலி போன எடம் தெரியல. கட்டில்ல காலத் தொங்கப் போட்டுக் குந்தி, ஆட்டி ஆட்டிப் பாத்துக்கினு இருந்துச்சு. இத்தன வருஷம் தைலம் தேச்ச காலுக்கு மருந்து நெஞ்சுல இருந்திருக்குதேன்னு நான் நர்சம்மா கிட்ட சொல்லிச் சொல்லி மாஞ்சு போனேன். கட்டிய முழுசா எடுத்தாச்சு, இனிமே வருஷத்துக்கு ஒரு தடவை வந்து படம் எடுத்துக் காட்டினா போதும்னு அனுப்பினாங்க.

விரல் மெதுவாத்தான் மாறிச்சு. நகம் அடியிலருந்து தட்டையா வளந்து வந்துச்சு, நுனியில மட்டும் பழைய வளைவு. வெட்ட வெட்ட அதுவும் போச்சு. உருண்டை வத்தி, பங்குனி வாக்குல எல்லாப் பொம்பளை கை மாதிரியும் ஒரு கை ஆயிடுச்சு. எழில் டாக்டரம்மா பாத்துட்டு அப்படி சந்தோஷப்பட்டாங்க. அக்கா பழையபடி வெறகு ஒடைச்சுது, தண்ணி எடுத்துச்சு, சதை போட்டுச்சு. என்கிட்ட மட்டும் பேசல. உப்பு வேணும்னா கூட, அவகிட்ட சொல்லுடா உப்பு கம்மின்னு, தம்பிக்குத்தான் சேதி. நான் பக்கத்துலயே கரண்டியோட நின்னுக்கினு இருப்பேன். தருமன் நடுவுல மாட்டிக்கினு முழிப்பாரு.

அடுத்த ஆடி வந்துச்சு. கீழ்பென்னாத்தூர்லருந்து ஆளு வரல. அக்கா ஆடி மொத நாளே விடியலுக்கு முன்ன எழுந்து குளிச்சிட்டு, வாசல்ல கோலம் போடற மாதிரி ரொம்ப நேரம் நின்னுச்சு. மறுநாளும் நின்னுச்சு. அப்புறம் நிக்கல. அந்த ரெண்டு நாளும் நான் அடுப்பாண்டயே குந்தி அழுதேன், வெளிய வரல.

எங்க நெலத்துல வெதைக்கற நாள். தருமன் புள்ளையார் புடிச்சு வச்சு, மாட்டைப் பூட்டி, என்னைப் பாத்தாரு. நான் முறத்தை அக்கா எதிர்ல நீட்டினேன். ராசிக்காக இல்ல. எங்க வூட்டுக்கு மூத்தது அதுதான், இப்போ நேரா நடக்குது, அது போதும்னு தோணிச்சு. அக்கா முறத்தைப் பாத்துச்சு. என்னைப் பாக்காம தம்பியப் பாத்துத்தான் பேசிச்சு.

"சொல்லுடா உன் பொண்டாட்டி கிட்ட. எனக்குன்னு யாரும் ஒரு எடத்துலயும் காத்துக்கினு நின்னதில்ல. கட்டினவன் கூட நின்னதில்ல. கீழ்பென்னாத்தூர்லதான் நின்னாங்க. அத இவ ஒரு வார்த்தையில முடிச்சிட்டா. உசுரு இருக்குது, வலி இல்ல, எல்லாம் சரி. அது போச்சுடா."

தருமன் மாட்டுக் கயித்தைப் புடிச்சிக்கினு அந்தாண்ட திரும்பிக்கினாரு. திருப்பிச் சொல்றதுக்கு ஒரு வருஷமா எத்தனையோ எடுத்து வச்சிருந்தேன். வந்தது வேற.

"நான் நின்னேன்க்கா. மெட்ராஸ்ல உன்ன உள்ள கூட்டிக்கினு போனதுலருந்து அந்தக் கதவாண்டயே நின்னேன். குந்து குந்துன்னு உன் தம்பி சொல்லிக்கினே இருந்தாரு. குந்திட்டா நீ வரமாட்டேன்னு பயம். உன் விரலு எனக்கு ஞாபகத்துக்கே வரல."

அக்கா தம்பியப் பாத்துச்சு. அவரு ஆமான்னு தலைய மட்டும் ஆட்டினாரு. அப்புறம் அது என்னைப் பாத்துச்சு, ஒரு வருஷத்துக்கு அப்புறம் நேரா என் மூஞ்சிய.

"பைத்தியம். குந்தியிருக்கலாம் இல்ல பச்சி, பொழுதுக்கும் நின்னா உடம்பு என்னாத்துக்கு ஆவும்."

முறத்தை என் கையிலருந்து வாங்கிக்கிச்சு. முந்தானையால ஒரு தடவை கண்ணத் தொடைச்சுக்கினு, சால்ல எறங்கி வெதையப் போட ஆரம்பிச்சுது.